சாண்ட்டனில் எட்டு மாதம்: ஆபீஸ் கேப் வராத நேரத்தில் எதில் போவது?

கேள்வி: நான் ஒரு பெண், வயது 29, கோவையில் ஐ.டி. வேலை. மே மாதத்திலிருந்து எட்டு மாதம் ஜோகன்னஸ்பர்க்கில், சாண்ட்டன் பகுதியில் இருக்கும் கிளையண்ட் அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். தங்கும் இடத்திலிருந்து அலுவலகம் போகவர கேப் உண்டு, மற்றதெல்லாம் என் பாடு. டிராவல் டெஸ்க் அனுப்பிய தாளைப் படித்தால் எதிலும் ஏறக்கூடாது, எங்கும் நடக்கக்கூடாது. அங்கே இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த சீனியர், "ஊர்க்காரங்க எல்லாரும் மினிபஸ் டாக்ஸியிலதான், அந்த ஷேர் வேன்லதான் போறாங்க, நீயும் போ" என்கிறார். அம்மா யூடியூபில் எதையோ பார்த்துவிட்டுப் போகவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை அந்த ஊரில்தான் இருக்கிறதாம், அதையும் பார்க்க ஆசை, தனியாகப் போகலாமா? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் இந்தக் குழப்பம். அந்தத் தாள் மாதிரியான தாள்களைக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பதால் அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஏதாவது ஆனால் "நாங்கள் சொல்லியிருந்தோமே" என்று காட்டுவதற்குத்தான் பாதி வரிகள். எட்டு மாதம் யாரையும் அறைக்குள் அடைத்து வைக்க முடியாது. ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் ஒரு சனிக்கிழமை சலித்துப்போய் எந்த ஏற்பாடும் இல்லாமல் வெளியே கிளம்புவார்கள், பிரச்சினை அன்றைக்குத்தான் வரும். உங்கள் சீனியர் சொல்வது அவருடைய இரண்டாவது வருடத்துக்குப் பொருந்தும், உங்களுடைய முதல் வாரத்துக்குப் பொருந்தாது. அம்மாவிடம் பிறகு வருகிறேன்.

இந்த ஊரில் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நடக்கும் வழிப்பறிகளை எடுத்துப் பார்த்தால், ஓடுகிற வண்டிக்குள் நடப்பது குறைவு. வண்டிக்காக செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கும்போது, இறங்கி வீட்டு கேட் திறக்கிற வரைக்கும் காத்திருக்கும்போது, ஸ்டேஷனிலிருந்து இருட்டில் நடக்கும்போது, சிக்னலில் கார் நிற்கும்போது, இப்படித்தான் நடக்கிறது. அதனால் "எது பாதுகாப்பான வண்டி" என்று கேட்பதை விட, ஏறும் இடத்தில் நான் எங்கே நிற்பேன், இறங்கும் இடத்தில் கதவுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம், அப்போது வெளிச்சம் இருக்குமா, இந்த மூன்றையும் ஒவ்வொரு பயணத்துக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சரியாக வந்தால் போங்கள். வராவிட்டால் எவ்வளவு நல்ல வண்டியானாலும் வேண்டாம்.

வெளிச்சம் என்றதும் ஒன்று. நீங்கள் போவது மே மாதம், அங்கே குளிர்காலம் ஆரம்பிக்கும் நேரம். ஜூனில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். கோவைப் பழக்கத்தில் "ஆறு மணிதானே, போய்விட்டு வந்துவிடலாம்" என்று கிளம்பினால், இறங்குகிற இடம் கும்மிருட்டாக இருக்கும். முதல் நான்கு மாதத்துக்கு உங்கள் "மாலை" நான்கரையோடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். இருட்டிய பிறகு ஐந்நூறு மீட்டர்கூட நடக்க வேண்டாம், சாண்ட்டனாக இருந்தாலும் சரி. பகட்டான பகுதி என்பதால் திருடர்கள் வரமாட்டார்கள் என்று இல்லை, பணம் இருக்கிற இடம் என்று தெரிந்துதான் வருகிறார்கள்.

உங்களுக்கு முதுகெலும்பு கவ்ட்ரெயின்தான். 2010-இல் உலகக் கோப்பை கால்பந்து தொடங்குவதற்குச் சில நாள் முன்பு ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்துக்கும் சாண்ட்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயில், இப்போது வடக்கே பிரிட்டோரியா, ஹாட்ஃபீல்ட் வரை, தெற்கே ரோஸ்பேங்க், பார்க் ஸ்டேஷன் வரை போகிறது. விமான நிலையத்திலிருந்து சாண்ட்டனுக்குக் கால் மணி நேரம். ஸ்டேஷனிலும் பெட்டியிலும் காவலர்கள், எங்கே பார்த்தாலும் கேமரா, சூயிங்கம் மென்றால்கூட அபராதம் போடுகிற அளவுக்குக் கெடுபிடி. விமான நிலையப் பயணத்துக்கு மட்டும் கட்டணம் சுள்ளென்று இருக்கும், 200 ராண்டுக்கு மேல். மற்ற ஸ்டேஷன்களுக்கு இடையே அவ்வளவு இல்லை. தனியாக கார்டு வாங்காமல் உங்கள் வங்கி கார்டையே கேட்டில் தட்டிப் போகலாம், ஆனால் இந்திய வங்கிகள் தரும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிச் செலுத்தும் வசதியும் அடைத்தே வரும். கிளம்பும் முன் ஆப்பில் போய் இரண்டையும் திறந்துவிடுங்கள். இதைச் செய்யாமல் போய் நடுராத்திரியில் கோவை வங்கிக்கு போன் போட்டவர்கள் நிறைய.

கவ்ட்ரெயினில் கவனிக்க வேண்டியது இரண்டு. இரவு ஒன்பது மணி வாக்கில் சேவை ஓய்ந்துவிடும், அதனால் இரவு விமானத்துக்கு இதை நம்ப வேண்டாம். அடுத்தது பார்க் ஸ்டேஷன். உள்ளே பளபளவென்று இருக்கும், வெளியே வந்தால் நகர மையத்தின் மிகக் கடினமான தெருக்கள், நூர்ட் ஸ்ட்ரீட் டாக்ஸி ஸ்டாண்டு, ஜூபர்ட் பார்க், அதைத் தாண்டி ஹில்ப்ரோ. லக்கேஜோடு அந்த வாசலில் நின்று கூகுள் மேப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு நேரம் அதிகம் கிடைக்காது. ரோஸ்பேங்கும் சாண்ட்டனும் அப்படி இல்லை. இரண்டிலும் ஸ்டேஷனிலிருந்து மால் நடக்கிற தூரம், பகலில் தாராளமாக நடக்கலாம்.

மெட்ரோரெயில் என்று இன்னொரு ரயில் உண்டு, பழைய மஞ்சள் பெட்டிகள், இப்போது புது நீலப் பெட்டிகளும் சில தடங்களில் ஓடுகின்றன. உங்களுக்கு அது தேவைப்படாது. ரேயா வாயா என்கிற விரைவுப் பேருந்து 2009-இலிருந்து சொவேட்டோவுக்கும் நகர மையத்துக்கும் இடையே ஓடுகிறது. பகலில் பரவாயில்லை, அலுவலக நண்பர் யாராவது கூட வந்தால் போய்ப் பாருங்கள்.

அடுத்து ஆப் கார், ஊபர், போல்ட் எல்லாம். வாரத்துக்கு நாலைந்து முறை நீங்கள் ஏறப்போவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வண்டி வந்து நிற்கும் வரை கட்டடத்துக்குள்ளேயே இருங்கள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், காவலாளி பக்கத்தில். நம்பர் பிளேட்டைப் பாருங்கள், ஜோகன்னஸ்பர்க் வண்டி என்றால் கடைசியில் ஜி.பி. என்று முடியும், ஆப்பில் காட்டும் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். "அந்த வண்டி ரிப்பேர், அண்ணன் வண்டியை எடுத்து வந்தேன்" என்றால் சிரித்துவிட்டு கேன்சல் பண்ணிவிடுங்கள். பெயரைக் கேட்கும்போது "நீங்கதானே சிபோ?" என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள், "யாரை ஏற்ற வந்தீங்க?" என்று கேளுங்கள். ஊபரில் பயணத்துக்கு முன் நான்கு இலக்க பின் சொன்னால்தான் டிரைவரால் பயணத்தைத் தொடங்க முடியும் என்று ஒரு அமைப்பு உண்டு, செட்டிங்ஸில் தேடி அதை இப்போதே போட்டுவிடுங்கள். காசாகக் கொடுப்பதைத் தவிருங்கள், சில்லறைக்காகப் பர்ஸைத் திறக்கும் அரை நிமிடம்கூடத் தேவையில்லாத அரை நிமிடம்தான்.

இதில் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு சங்கதி இருக்கிறது. மினிபஸ் டாக்ஸிக்காரர்களுக்கும் ஆப் கார் டிரைவர்களுக்கும் பல வருடப் பகை, சவாரி போட்டிதான் காரணம். 2017-இல் சாண்ட்டனிலேயே ஆப் கார்களைக் கொளுத்தினார்கள். 2025 ஆகஸ்டில் சொவேட்டோவில் மபோன்யா மாலுக்கு வெளியே ஒரு ஆப் கார் டிரைவரைச் சுட்டே கொன்றார்கள், வண்டிகள் எரிந்தன. அடுத்த மாதமே அரசு புது விதிகளைக் கொண்டுவந்தது, ஆப் கார்களில் அடையாள ஸ்டிக்கர், பயணி அழுத்த அவசரப் பொத்தான் என்று. விதி வந்ததால் பகை போய்விடவில்லை. அதனால்தான் சில மால்களிலும் ஸ்டேஷன்களிலும் டிரைவர் உங்களுக்கு போன் செய்து "வாசலுக்கு வரமாட்டேன், அடுத்த தெருவுக்கு வாங்க" என்பார், அல்லது "முன் சீட்டில் உட்காருங்க, தெரிந்தவங்க மாதிரி இருக்கட்டும்" என்பார். அவர் திருடர் என்று பயந்துவிடாதீர்கள், தன் உயிருக்கு அவர் பயப்படுகிறார். ஆனால் அதற்காக நீங்கள் அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டியதில்லை. மாலின் அடித்தள பார்க்கிங்கில் ஏறுகிறேன் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கேன்சல் கட்டணம் போனால் போகட்டும்.

காருக்குள் உட்கார்ந்ததும் கதவைப் பூட்டுங்கள், கண்ணாடி ஏற்றியே இருக்கட்டும், ஹேண்ட்பேக் மடியில் வேண்டாம், காலடியில். டிராஃபிக் சிக்னலுக்கு அங்கே ரோபாட் என்று பெயர், "ரோபாட் வேலை செய்யலை" என்று யாராவது சொன்னால் திகைக்காதீர்கள். அந்த ரோபாட்டில் வண்டி நிற்கும்போது ஸ்பார்க் பிளக் சில்லால் கண்ணாடியைத் தட்டி நொறுக்கி, சீட்டில் இருப்பதைப் பறித்துக்கொண்டு ஓடுவதுதான் இந்த ஊரின் அன்றாடத் திருட்டு. எம்1 நெடுஞ்சாலையிலிருந்து சாண்ட்டனுக்கு இறங்கும் கிரேஸ்டன் டிரைவ் சந்திப்பு இதற்குப் பெயர் போனது, நீங்கள் தினமும் கடக்கப்போகிற இடமாகவும் இருக்கலாம். அங்கே வரும்போது போனைக் கீழே வையுங்கள், லேப்டாப் பை டிக்கியில் இருக்கட்டும். டிக்கியில் வைப்பதைக் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள், போய் இறங்கிய இடத்தில் நாலு பேர் பார்க்க டிக்கியைத் திறந்து வைத்தால் பலனில்லை.

சரி, மினிபஸ் டாக்ஸி. உங்கள் சீனியர் சொன்னதில் பொய் இல்லை, இந்த நாட்டில் பொதுப் போக்குவரத்தில் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பான்மையோரைச் சுமப்பது அந்த வெள்ளை டொயோட்டா வேன்கள்தான். நம்ம ஊர் ஷேர் ஆட்டோவை நாடு முழுக்கப் பரப்பி, அதற்குச் சங்கங்களும் அந்தச் சங்கங்களுக்குள் துப்பாக்கிச் சண்டையும் சேர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. எந்த வேன் எங்கே போகும் என்று போர்டு கிடையாது. ரோட்டோரம் நிற்பவர் கையைக் காட்டுவார், சுட்டுவிரலை மேலே நீட்டினால் நகர மையம், கீழே காட்டினால் பக்கத்து ஏரியா, இப்படி ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு சைகை. அந்தச் சைகைகளுக்கு அஞ்சல் தலையே போட்டிருக்கிறார்கள்.

உள்ளே ஏறினால் ஒரு தனி ஒழுங்கு இருக்கிறது. கண்டக்டர் கிடையாது. பின் வரிசையில் இருப்பவர் தன் காசை முன்னால் கொடுப்பார், ஒவ்வொரு வரிசையிலும் சேர்ந்து "மூன்று பேருக்கு", "நாலு பேருக்கு" என்று சொல்லிக்கொண்டே முன்னால் வரும், டிரைவர் பக்கத்துச் சீட்டில் இருப்பவர்தான் எண்ணி, மிச்சம் பிரித்து, யார் யாருக்கு எவ்வளவு என்று திருப்பி அனுப்ப வேண்டும். கணக்கு இடித்தால் வேனே திட்டும். அதனால் முதல் முறை முன் சீட்டில் உட்காராதீர்கள். கதவோரம் மடக்குச் சீட்டும் வேண்டாம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்கள்தான் இறங்கிக் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். இறங்கும்போது கதவை அறைந்து சாத்தினால் டிரைவருக்குக் கோபம் வரும், மெதுவாக இழுத்துச் சாத்துங்கள். நிறுத்தச் சொல்ல பொத்தான் எதுவும் இல்லை, "ஆஃப்டர் ரோபாட்!" என்று குரல் கொடுத்தால் சிக்னல் தாண்டி நிறுத்துவார், "ஷார்ட் லெஃப்ட்" என்றால் இடது பக்கம் திரும்பியதும்.

இவ்வளவு ஆசையாகச் சொல்லிவிட்டு உங்களைப் போக வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் முதல் இரண்டு மாதம் தொடாதீர்கள். அப்புறம், தினமும் அதில் வருகிற ஒரு பெண்ணோடு போங்கள். உங்கள் அலுவலகத்தில் ரிசப்ஷனிலோ கேன்டீனிலோ வேலை செய்யும் அக்காக்களில் பாதிப் பேர் அதில்தான் வருவார்கள், பிரிட்டோரியாவில் வீடு வைத்துக் காரில் வரும் மேனேஜரைக் கேட்டுப் பயனில்லை. பகல் நேரம், சாண்ட்டன்–ரோஸ்பேங்க் மாதிரி சின்னத் தடம், பெரிய ஸ்டாண்டுகள் வேண்டவே வேண்டாம். 2008-இல் நூர்ட் ஸ்ட்ரீட் ஸ்டாண்டில் குட்டைப் பாவாடை போட்டு வந்தார் என்பதற்காக ஒரு பெண்ணை டிரைவர்களும் அங்கே இருந்தவர்களும் சூழ்ந்துகொண்டு துன்புறுத்தினார்கள், அதைக் கண்டித்துப் பெண்கள் அதே ஸ்டாண்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கே அங்கே இதுதான் நிலைமை என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ரோட்டில் வந்து நிற்கும் வேனில் மூன்று நான்கு ஆண்கள் மட்டும் இருந்தால் அடுத்த வேனுக்குக் காத்திருங்கள், பயணி மாதிரி உட்கார்ந்திருந்து வழியில் கொள்ளையடிக்கும் கும்பல்கள் உண்டு. சாதாரண கார் ஒன்று வந்து "ஒரு சீட் இருக்கு" என்றால் அதில் எந்த நிலையிலும் ஏறாதீர்கள். டாக்ஸி ஸ்டிரைக் என்றோ, இந்தத் தடத்தில் சங்கத் தகராறு என்றோ அந்த அக்கா சொன்ன நாளில் ஆப் காரையும் சேர்த்து மறந்துவிட்டு அறையிலேயே இருங்கள்.

வந்து இறங்கும் நாளைப் பற்றி. முடிந்தால் பகலில் போய்ச் சேருகிற விமானமாகக் கேளுங்கள், டிராவல் டெஸ்க் உண்மையிலேயே உதவக்கூடிய விஷயம் இது. விமான நிலையத்துக்குள்ளேயே சிம் வாங்கிப் போட்டுவிடுங்கள், பாஸ்போர்ட் கேட்பார்கள். வெளிநாட்டுப் பணம் மாற்றும் கவுண்டரில் பெரிய தொகை மாற்றாதீர்கள், அங்கே கவனித்துவிட்டுப் பின்னாலேயே வீடு வரை வந்து கொள்ளையடிப்பது டாம்போவில் பழைய கதை. "டாக்ஸி, மேடம்?" என்று உங்களைத் தேடி வருகிறவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் நிற்காமல் நடந்து ஸ்டேஷனுக்கோ ஹோட்டல் அனுப்பிய டிரைவரிடமோ போங்கள்.

விமான நிலைய நெடுஞ்சாலைகளில் இரண்டு தந்திரங்கள் நடக்கின்றன, டிரைவர் உள்ளூர்க்காரர் என்றால் அவருக்கே தெரிந்திருக்கும், ஆனாலும் நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ரோட்டில் கல்லோ ஆணிப் பட்டையோ போட்டு டயரைக் கிழிப்பது. அப்போது நிறுத்தவே கூடாது, சக்கரம் நாசமானாலும் அடுத்த பெட்ரோல் பங்க் வரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். இன்னொன்று, நீல விளக்கு சுழல வரும் போலிப் போலீஸ். சந்தேகமாக இருந்தால் வேகத்தைக் குறைத்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, பின்தொடர்ந்து வாருங்கள் என்று கையால் சைகை காட்டிப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ வெளிச்சமான பங்குக்கோ ஓட்டிப் போகலாம்.

மீறி யாராவது கத்தியோ துப்பாக்கியோ காட்டினால், பேரம் வேண்டாம், முகத்தை உற்றுப் பார்க்க வேண்டாம், கையை எங்கும் நுழைக்காமல் அவர்கள் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு "எடுத்துக்கோங்க" என்று கொடுத்துவிடுங்கள். தாலிக்கொடி, அம்மா போட்ட வளையல் மாதிரி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றத் தோன்றும் எதையும் அந்த ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள், கழுத்தில் மெல்லிய செயின்கூட வேண்டாம். பாஸ்போர்ட்டின் நகலில் காவல் நிலையத்திலேயே இலவசமாக முத்திரை போட்டுத் தருவார்கள், வெளியே போகும்போது அது போதும், அசல் அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும். புகார் கொடுத்தால் கேஸ் நம்பர் எஸ்.எம்.எஸ்-இல் வரும், அது இல்லாமல் இன்ஷூரன்ஸ்காரர் பேசவே மாட்டார். செல்போனிலிருந்து 112, நேராகப் போலீசுக்கு 10111.

அம்மாவுக்கு வருகிறேன். லொகேஷனை அவரோடு பகிர்ந்துகொள்வது நல்லதுதான், ஆனால் அங்கே மாலை ஆறு என்றால் கோவையில் இரவு ஒன்பதரை. புள்ளி நகராமல் நின்றால் அவரால் விடிய விடிய பயப்பட முடியுமே தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. அதே லொகேஷனை சாண்ட்டனிலேயே இருக்கும் ஒரு சக ஊழியரோடும் பகிருங்கள், "இத்தனை மணிக்குள் நான் மெசேஜ் போடவில்லை என்றால் எனக்குக் கூப்பிடு, எடுக்காவிட்டால் ஹோட்டல் ரிசப்ஷனுக்குக் கூப்பிடு" என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் இந்த ஏற்பாட்டை விளக்கமாகச் சொல்லுங்கள். "ஒண்ணும் ஆகாதும்மா" என்பதை எந்த அம்மாவும் நம்புவதில்லை.

கடைசியாக வள்ளியம்மை. ஆமாம், 1898-இல் அந்த ஊரிலேயே பிறந்தவர், காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை போய், விடுதலையான சில நாளில், 1914 பிப்ரவரி 22-இல், பதினாறு வயதில் இறந்தவர். பிராம்ஃபோன்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார், அதே சத்தியாகிரகத்தில் சிறை போய் அவருக்கு முன்பே 1909-இல் இறந்த சுவாமி நாகப்பனும் அங்கேதான். தனியாக மட்டும் போகாதீர்கள். பெரிய தோட்டம், மரங்கள் அடர்ந்தது, பல நேரம் ஆளே இருக்காது, நகர மையத்தை ஒட்டிய இடம் வேறு. இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டு, காலை பத்து மணி வாக்கில், ஹோட்டல் ஏற்பாடு செய்து தரும் டிரைவரைப் பாதி நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். ஆப் கார் வேண்டாம், அது இறக்கிவிட்டுப் போய்விடும், திரும்பும்போது வாசலில் நின்று அடுத்த வண்டி தேட வேண்டிவரும். டிரைவர் அங்கேயே காத்திருக்கட்டும். அதே வண்டியில் திரும்பும் வழியில் எம்1 ஓரமாக மெல்ரோஸ் முருகன் கோயில் வரும், அங்கே தரிசனம் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு, இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதிக்குப் போகலாம் என்று சீனியர் சொல்லியிருப்பார். அது எதிர்த் திசை, அதனால் ஃபோர்ட்ஸ்பர்க்கைக் கல்லறைக்கு அடுத்ததாகவே வைத்துக்கொண்டு கோயிலைக் கடைசியில் வையுங்கள். நான்கு மணிக்குள் சாண்ட்டனுக்கு வந்துவிடலாம்.